பட்டறையில் பிடிக்கும்... மலையில் பிடிக்காது!

"நேத்து ஏற்காட்டுல இருந்து இறங்குறப்ப பிரேக் பெடல் அப்படியே உள்ள போயிருச்சுங்கண்ணா."

"இப்ப நல்லாத்தானே பிடிக்குது தம்பி?"

சேலத்துக் கார் பட்டறைகளில் திங்கட்கிழமை காலையில் காதில் விழக்கூடிய பேச்சு இது. மெக்கானிக் காரை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்வருவார். நாலு தடவை பிரேக் அடித்துப் பார்ப்பார். பெடல் இறுக்கமாக நிற்கும், வண்டியும் நேராக நிற்கும். பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் அளவு சரியாக இருக்கும். நான்கு சக்கரத்திலும் கசிவு இருக்காது. "ஒண்ணுமில்லைங்க, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று சாவி கைக்கு வரும். அடுத்த முறை மலையேறி இறங்கும்போது பெடல் மறுபடியும் உள்ளே போகும்.

இருவருமே பொய் சொல்லவில்லை. பழைய கார்களில் பிரேக் கோளாறு பெரும்பாலும் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை, வந்து வந்து போகிறது. அது வருவதற்குச் சூடு வேண்டும், அல்லது மழை வேண்டும், அல்லது ஒரு குறிப்பிட்ட வளைவோ மெதுவாகக் காலை வைக்கும் ஒரு சிக்னலோ வேண்டும். ஆறிப்போன வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் குறை இல்லை என்று சொல்வது, காய்ச்சல் இறங்கிய நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்த கதைதான். "என்ன கோளாறு?" என்பதைவிட "எப்போது வருகிறது?" என்ற கேள்விதான் இந்த நோயைக் கண்டுபிடிக்கும்.

சேலம், நாமக்கல் சமவெளிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி மற்ற ஊர்க்காரர்களைவிட முக்கியமானது. வருடம் முழுக்க அவர்களுடைய கார் ஐந்து ரோட்டிலும் கொண்டலாம்பட்டி பைபாஸிலும் பரமத்தி ரோட்டிலும் ஓடுகிறது. பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. பிறகு மே மாதம் கோடை விழா என்று குடும்பத்தோடு ஏற்காட்டுக்குக் கிளம்புகிறார்கள், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் தரிசனம் என்று கொல்லிமலைக்குக் கிளம்புகிறார்கள், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பதினோரு மாதம் சும்மா இருந்த பிரேக்குக்கு ஒரே மாலையில் வருடாந்தரப் பரீட்சை.

அந்தப் பரீட்சை எவ்வளவு கடினம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இறங்கும் உயரம் ஏறக்குறைய 1,200 மீட்டர். ஆட்களோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது சுமார் 1 கோடியே 18 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். 40 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் அது. இன்ஜினும் காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஓட்டுநர் டாப் கியரிலேயே இறங்கினால் அந்தப் பங்கு குறைந்து, மீதி அத்தனையும் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் சில கிலோ இரும்பில் போய் இறங்கும்.

காலுக்குத் தெரியும்

சூட்டால் வரும் பிரேக் கோளாறு ஒன்றல்ல, மூன்று. அரை மணி நேரம் வண்டியை ஓரங்கட்டினால் மூன்றுமே சரியாகிவிடும் என்பதால்தான் எல்லாரும் மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் ஓட்டுநரின் காலுக்கு வித்தியாசம் தெரியும். யாராவது கேட்டால் சொல்லியும் விடும்.

பெடல் வழக்கமான உயரத்தில், வழக்கமான இறுக்கத்தோடு நிற்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டே போகிறது என்றால், பழுது லைனிங்கில் அல்லது பேடில். உராய்வுப் பொருளைப் பிணைக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது உராய்வு குறைந்துவிடுகிறது. இறங்கும்போதே கருகிய வாடை வந்திருக்கும். பிறகு கழற்றிப் பார்த்தால் லைனிங்கின் முகம் கண்ணாடிபோல் பளபளத்துக் கிடக்கும். மலிவு லைனிங் மாட்டிய வண்டியில் இது சீக்கிரம் வரும்.

பெடல் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வழக்கத்தைவிடக் கீழே போய் இறுகுகிறது என்றால் அது டிரம் பிரேக்கின் குணம். சூட்டில் இரும்பு டிரம் விரிகிறது. விரிந்த டிரம் ஷூவிடமிருந்து விலகிப் போவதால், ஷூ கூடுதல் தூரம் நகர வேண்டியிருக்கிறது. டிஸ்க் சூட்டில் பருத்தால் பேடை நோக்கியே பருக்கும் என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் வைத்து ஓடிய பழைய அம்பாசடர், பத்மினி உரிமையாளர்களுக்கு இந்த அனுபவம் பழக்கமானது. ஷூ இடைவெளியை ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த வண்டியில் பெடல் கொஞ்சம் இறங்கும். அட்ஜஸ்ட் செய்து ஒரு வருடமான வண்டியில் பயப்படும் அளவுக்கு இறங்கும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. பெடல் இறுக்கமே இல்லாமல், பஞ்சுபோல் அமுங்கித் தரையைத் தொடுகிறது. திரும்பத் திரும்ப மிதித்தால் சற்று எழுந்து வருகிறது. அப்படியானால் பிரேக் ஆயில் எங்கோ கொதித்து ஆவியாகியிருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது என்ற ஒரே நம்பிக்கையில்தான் ஹைட்ராலிக் பிரேக் வேலை செய்கிறது. குழாய்க்குள் ஆவிக்குமிழி நுழைந்ததும் காலின் விசை முழுக்க அந்தக் குமிழியைச் சுருக்குவதில் வீணாகிறது. வண்டி நின்று ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும். திங்கட்கிழமை காலையில் மெக்கானிக் எதைத் தேடினாலும் கிடைக்காமல் போவது இதனால்தான். குற்றவாளியே கரைந்து போய்விட்டான்.

டின்னுக்குள் தண்ணீர்

பிரேக் ஆயில் என்று வாயில் வந்துவிட்டாலும் அது எண்ணெய் அல்ல, கிளைகால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்வது அதன் இயல்பு. ரப்பர் ஹோஸ் வழியாகவும் டாங்கின் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே சேர்கிறது. டாட் 3 என்று குறிக்கப்பட்ட புதுத் திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 140 டிகிரி வரை தாங்கினால் போதும். டாட் 4 திரவத்துக்கு இதே எண்கள் 230, 155. நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாத தண்ணீர் 65, 75 டிகிரியைத் தின்றுவிடுகிறது. சமவெளியில் சக்கரத்தருகே திரவம் 140 டிகிரியைத் தொடும் நாள் அநேகமாக வரவே வராது. மலையிறக்கத்தில் வரலாம்.

நம்மூர் காய்ந்த பூமிதானே, இங்கே ஈரம் எங்கே என்று சிலர் கேட்பதுண்டு. வடகிழக்குப் பருவமழை மாதங்களை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதோடு, மூடி திறந்தபடி பட்டறை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் பாதி டின்னையும் மறந்துவிடுகிறார்கள். அந்த டின்னிலிருந்து ஊற்றப்படுவது பெயருக்குத்தான் புதுத் திரவம். நிறத்தைப் பார்த்து எடைபோடுவதும் முழு நம்பிக்கைக்குரியதல்ல. கறுத்துப் போனது மாற்ற வேண்டியதுதான், ஆனால் பொன்னிறமாக இருப்பதாலேயே அதில் தண்ணீர் இல்லை என்று ஆகிவிடாது. கணக்கு வைத்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே வழி. வெறுமனே "ஏர் எடுப்பது" வேறு, பழசு மொத்தமும் வெளியேறும்வரை எடுப்பது வேறு. பட்டறை பில்லில் இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டுவிடுகிறார்கள்.

பிரேக் தொழிலில் தமிழ்நாட்டுக்குச் சொந்தப் பெருமையே உண்டு. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில்தான் வேரூன்றியது. இந்தியச் சாலைகளில் ஓடிய பழைய கார்கள் பலவற்றின் பிரேக் உறுப்புகள் அங்கே பிறந்தவை. பொருளுக்குப் பஞ்சமில்லாத மாநிலத்தில் கோளாறைக் கண்டுபிடிக்கும் பொறுமைக்குத்தான் பஞ்சம்.

மலையே வேண்டாம்

மலையிறக்கச் சூடு சம்பந்தமில்லாமல் வந்துபோகும் கோளாறுகளும் உண்டு. அவற்றில் மெக்கானிக்குகளை அதிகம் ஏமாற்றுவது, பெடலின் விசையைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர். சிக்னலில் காலை லேசாக வைத்துக்கொண்டு நிற்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, பதறிப்போய் ஓங்கி மிதித்தால் கெட்டியாக நிற்கிறது. பட்டறையில் எல்லாரும் ஓங்கித்தான் மிதித்துப் பார்ப்பார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷரின் விளிம்பு, அழுத்தம் கூடக் கூடச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் வகையில் அமைந்தது. தேய்ந்த வாஷர்கூட ஓங்கி மிதித்தால் பிடித்துக்கொள்ளும், மெதுவாக மிதித்தால்தான் திரவத்தைப் பின்பக்கம் நழுவவிடும். வெளியே ஒரு சொட்டும் கசியாது. இன்ஜினை ஓடவிட்டு, காலை மென்மையாக வைத்து ஒரு நிமிடம் அப்படியே காத்திருப்பதுதான் இதற்கான சோதனை. செலவில்லாத சோதனை என்பதாலோ என்னவோ யாரும் செய்வதில்லை.

குண்டும் குழியுமான சாலையில் போன பிறகோ வேகமாக ஒரு வளைவைத் தாண்டிய பிறகோ முதல் மிதி மட்டும் ஆழமாகப் போய், இரண்டாவது மிதி சரியாக இருந்தால், பிரேக் பாகங்களை விட்டுவிட்டு வீல் பேரிங்கை ஆட்டிப் பார்க்க வேண்டும். பேரிங் ஆட்டம் கண்டிருந்தாலோ டிஸ்க் கோணலாகியிருந்தாலோ, டிஸ்க் அசைந்து பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அந்த இடைவெளியை அடைக்கவே முதல் மிதி செலவாகிறது. இந்த ஒரு கோளாறுக்காக மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ் என்று வரிசையாகப் புதிது மாட்டிய பிறகும் குணமாகாத கார்கள் உண்டு.

இதற்கு நேர்மாறான நோயும் இருக்கிறது: விட்டாலும் விடாத பிரேக். இருபது கிலோமீட்டர் ஓடிய பிறகு கார் கனக்கிறது, ஒரு சக்கரத்தின் ரிம் கை வைக்க முடியாமல் சுடுகிறது, நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் சுலபமாக உருள்கிறது. ஒரு சக்கரத்தில் மட்டும் என்றால் அந்தச் சக்கரத்தின் ரப்பர் ஹோஸ் மேல் சந்தேகப்படலாம். வயதான ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உட்சுவர் பிரிந்து தொங்கும். மிதிக்கும் அழுத்தத்தில் திரவம் போய்விடும், திரும்பி வரும்போது அந்தத் தொங்கல் வழியை அடைத்துக்கொள்ளும். கோளாறு வந்திருக்கும் நேரத்திலேயே ஜாக்கியில் தூக்கி, அந்தச் சக்கரத்தின் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறக்க வேண்டும். துளி திரவம் பீய்ச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று அர்த்தம். விடுபடவில்லை என்றால் பிஸ்டனோ காலிப்பர் பின்னோ துருப்பிடித்து இறுகியிருக்கிறது. அடுத்த முறை ஜாம் ஆகும்போது நிப்பிளுக்குப் பதிலாக, இரும்புக் குழாயும் ஹோஸும் சேரும் மேல் இணைப்பைத் தளர்த்திப் பார்க்கலாம். அங்கே தளர்த்தியும் சக்கரம் இறுகியே இருந்தால் ஹோஸ்தான். சுற்ற ஆரம்பித்தால் தவறு அதற்கு மேலே.

எல்லாச் சக்கரமும் சேர்ந்து பிடித்துக்கொண்டால், மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் ராடில் விளையாட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெடலை விட்டதும் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்தால்தான் டாங்குக்குப் போகும் சிறு துளை திறக்கும். பெடல் உயரத்தை யாரோ அட்ஜஸ்ட் செய்து அந்த இடைவெளி போய்விட்டால் துளை மூடியே இருக்கும். திரவம் சூடாகி விரியும், போக இடமிருக்காது, தானாகவே பிரேக்கை அழுத்தும். பிரேக் அழுத்தினால் இன்னும் சூடு, இன்னும் விரிவு. வண்டி சாலையிலேயே நின்றுபோகும், ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். கால் மில்லிமீட்டர் சமாச்சாரத்துக்கு இத்தனை நாடகம்.

இதே அறிகுறியோடு வரும் இன்னொரு கேடு, டாங்கில் இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றிவிடுவது. கனிம எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர்கள் ஊதிவிடும். வடித்துவிட்டு மாற்றினால் போதாது. உள்ளிருக்கும் ரப்பர் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும்.

பெடல் திடீரென்று கட்டையாகி, இரண்டு கால் போட்டு மிதிக்க வேண்டிய நிலை சில நேரம் மட்டும் வந்தால், வெற்றிடத்தின் பலத்தால் காலுக்கு உதவும் பூஸ்டர் பக்கம் போகலாம். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரோ அதற்குப் போகும் குழாயோ வால்வோ பழுது. சூட்டில் இளகி உள்ளே ஒட்டிக்கொள்ளும் பழைய ரப்பர் குழாய், குளிர்ந்த வண்டியில் எந்தக் குறையும் காட்டாது. ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும்: ஏற்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. பூஸ்டரின் உதவியும் அந்த அளவுக்குக் குறையும். மேலே பெடல் கொஞ்சம் கனமாகத் தோன்றுவது கோளாறு அல்ல.

லாரிக்காரர்களின் பாடம்

பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன நாமக்கல், லாரிகளின் ஊரான சங்ககிரி, ரிக் வண்டிகளின் திருச்செங்கோடு என்று இந்த வட்டாரத்தில் பிரேக்கை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். லாரியில் இருப்பது ஏர் பிரேக், காரில் இருப்பது ஹைட்ராலிக். ஆனால் சூடு இரண்டுக்கும் ஒன்றுதான். சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் கணவாய் அதற்குச் சாட்சி. 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று கார்கள் வரிசையில் மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடி ஒரு லாரி மோதி, வண்டிகள் தீப்பிடித்து, மறுபடி நான்கு பேர். இந்த இறக்கத்தைப் பற்றி ஒவ்வொரு முறையும் பேசப்படுவது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிவிடும் பழக்கம்தான்.

அனுபவமுள்ள லாரி ஓட்டுநர் எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில்தான் இறங்குவார். கார் ஓட்டுபவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. இன்ஜின் இரையும், பெட்ரோல் குடிக்கும் என்ற பயம். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கும் இன்ஜெக்‌ஷன் கார், பெட்ரோல் பாய்ச்சலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரிபொருள் செலவாகும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்கினால் ஓரிரு மிதிகளில் பூஸ்டரின் வெற்றிடமும் தீர்ந்துவிடும்.

புதுக் கார் வாங்கினால் இந்தத் தலைவலியெல்லாம் ஓய்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2010-ல் டொயோட்டா தன் பிரியஸ் உள்ளிட்ட ஹைப்ரிட் கார்களை உலகெங்கும் 4 லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்தது. மேடுபள்ளமான அல்லது வழுக்கும் சாலையில் பிரேக் ஒரு கணம் விட்டுப் பிடிப்பதாக ஓட்டுநர்கள் சொன்னார்கள். ஏ.பி.எஸ். மென்பொருளைத் திருத்திய பிறகே அது சரியானது. அதிலும் முதல் துப்பு, ஓட்டுநர்கள் சொன்ன "எப்போது"தான்.

இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அந்த விதி வருவதற்கு முன்பே, 2014-ல், மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் முடிந்துவிட்டது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கார்களில் பெரும்பாலானவை 15 வருடப் பதிவுக் காலத்தைத் தாண்டி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பில் இருப்பவை. 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. கட்டணம் எட்டு மடங்குக்கு மேல் ஏறியது, சோதனை என்னவோ சமதளத்தில்தான். உருளை வைத்த தானியங்கி மையத்தில்கூட இடது வலது சக்கரங்களின் பிடிப்பு வித்தியாசம் தெரியவரும். பத்தாவது வளைவில் திரவம் கொதிக்குமா என்பது தெரியவராது.

ஆகவே வண்டியைப் பட்டறையில் விடும்போது சாவியோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுப்பது நல்லது. கிளம்பி எவ்வளவு நேரத்தில் வந்தது, ஏற்றமா இறக்கமா, மழையா, முதல் மிதியா மூன்றாவதா, பெடல் பஞ்சா கட்டையா, வண்டி எந்தப் பக்கம் இழுத்தது, ஆறியதும் போனதா. இதற்கெல்லாம் பதில் இருந்தால் மெக்கானிக் கழற்ற வேண்டிய பாகம் ஒன்றாகவோ இரண்டாகவோ சுருங்கும். முடிந்தால் ஓட்டுநரே உடன் போய், அதே சூட்டை வரவழைத்து, கோளாறு இருக்கும்போதே காட்ட வேண்டும். அதற்கு மலை தேவையில்லை. ஆளில்லாத நேராக ஓடும் சாலையில், வேகத்தை அடக்கி வைத்து, நிறுத்தி நிறுத்திப் பிரேக்கைச் சூடாக்கினாலே பாதி விஷயம் வெளிப்பட்டுவிடும்.

மலையிலேயே பெடல் உள்ளே போய்விட்டால் இன்ஜினை அணைக்கக் கூடாது. வேகவேகமாக மிதித்து அழுத்தம் எழுப்பிக்கொண்டே கியரை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பல பழைய கார்களில் ஹேண்ட் பிரேக் கேபிளில் இயங்குவதால் திரவம் கொதித்தாலும் அது வேலை செய்யும். ஆனால் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். நின்ற பிறகு, டயருக்குக் கல் வைத்துவிட்டு, இரும்பு தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வழியோர ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து டிரம்மில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பு அதில் விரிசல் விடும், டிஸ்க் கோணலாகும். ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய அந்தத் தண்ணீர், திங்கட்கிழமை பட்டறைக்குப் புதிதாக ஒரு கோளாறைக் கொண்டுவந்து சேர்க்கும்.